பனிமேல் ஒரு நாற்காலி

யிட்ஸ்காவின் அப்பா டௌவா ஒரு சிற்பி. ஊரில் பாதிப் பேருடைய தலை இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று கழுத்துக்கு மேலே. இன்னொன்று அப்பாவின் பட்டறையில், ஈரத்துணி போர்த்திக்கொண்டு.

இந்தக் குளிர்காலத்தில் செய்துகொண்டிருந்தது போஸ்மாவின் தலை. கடலைத் தடுக்கும் கரைகளுக்கெல்லாம் அவர்தான் தலைவர். தினமும் ஏழு பதக்கங்களைக் குத்திக்கொண்டு வருவார். தன்னைக் கேட்டுத்தான் கடல் அலையடிக்கிறது என்பதுபோல நாற்காலியில் உட்காருவார்.

"இது நானே இல்லை. கம்பீரம் பத்தலை" என்றார் நான்காவது முறையாக.

"கம்பீரத்தை எங்க வைக்கணும் ஐயா? நெத்தியிலயா, மூக்குலயா?"

"ரெண்டுலயும்! இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரியா வரலைன்னா, நகரத்துச் சிற்பிகிட்ட கொடுத்துடுவேன்."

அப்பா களிமண்மேல் தண்ணீர் தெளித்து, மூக்கை மறுபடியும் பிசையத் தொடங்கினார். அந்தக் குளிர்காலத்துக்கு அவருக்கு இருந்தது இந்த ஒரு வேலைதான்.

ஜன்னலுக்கு வெளியே கால்வாய் உறைந்து கிடந்தது. மூடுபனிக்குள் பிள்ளைகள் சறுக்கிப் போனார்கள். பாதி தெரிந்தார்கள், பாதி கரைந்தார்கள். போஸ்மாவின் கண்களும் அங்கேயே போயின. நாற்காலிக்கடியில் அவருடைய பூட்ஸ் கால்கள் இடமும் வலமுமாகத் தானாக அசைந்தன.

பட்டறை மூலையில் நின்ற யிட்ஸ்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயா, நாற்காலியைக் கொஞ்சம் வெளிச்சத்துல போடலாமா?"

"வெளிச்சம் எங்க இருக்கு?"

"பனிக்கட்டி மேல."

"நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுச் சறுக்கப் பழகறது குட்டிப் பிள்ளைங்க! நான் தலைவர்!"

"நீங்க எதையும் பிடிக்க வேண்டாம் ஐயா. சும்மா உட்காருங்க, நான் தள்றேன்."

போஸ்மா இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, "வெளிச்சத்துக்காகத்தான்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

யிட்ஸ்கா தள்ளினாள். நாற்காலி மெல்ல நகர்ந்தது, அப்புறம் மிதந்தது. வெள்ளைக்குள் வெள்ளையாக மரங்கள் வந்து மறைந்தன. மேலே வானமா, கீழே வானமா என்றே தெரியவில்லை. ஏழு பதக்கங்களும் கிணுகிணுத்தன. தொப்பி பறந்தது.

"இன்னும் வேகமா, பொண்ணே!" என்று கத்திய தலைவர் வாய்விட்டுச் சிரித்தார்.

கரையில் நின்ற அப்பா அந்தச் சிரிப்பைக் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு பட்டறைக்குள் ஓடினார்.

மூக்கு சிவக்க போஸ்மா திரும்பி வந்தபோது, களிமண் தலை அவரைப் பார்த்துச் சிரித்தது. தலைமுடி கலைந்திருந்தது, புருவம் உயர்ந்திருந்தது.

போஸ்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுதான் நான்" என்றார் போஸ்மா மெதுவாக.

"அப்போ முடிஞ்சுது ஐயா! நாளையிலேர்ந்து நீங்க வரவே வேண்டாம்" என்றார் அப்பா.

போஸ்மாவின் முகம் வாடிப்போனது. ஜன்னலைப் பார்த்தார். மறுபடி தலையைப் பார்த்தார்.

"இடது காது கொஞ்சம் சரியில்லையோ? எதுக்கும் நாளைக்கு ஒரு தடவை வந்து உட்கார்ந்துட்டுப் போறேன்" என்றார்.