கருவானார்

காலைத் தாளிப்புக்கு நேரமாகிவிட்டது. பொன்னுத்தாய் கடுகையும் மிளகாய் வற்றலையும் காற்றுப் புகாத தாளிப்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். உள்ளே பொரிந்தது, நெடி துளிகூட வெளியே வரவில்லை. வந்தால் காற்றுக் காவலர்கள் வாசலில் நிற்பார்கள்.

அவள் கணவர், வற்றல் மண்டி தங்கப்பழம், காய்ச்சலில் புரண்டு கொண்டிருந்தார்.

தூய காற்றுச் சட்டம் வந்த பிறகு விருதுநகரில் தூசும் இல்லை, புகையும் இல்லை. மழையும் இல்லை. மேகம் கனத்து நிற்கும், பெய்யாது. நீராவி துளியாகத் திரள, பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். அந்த முதல் திரட்சிக்குப் பாடப்புத்தகத்தில் கருவாக்கம் என்று பெயர். சட்டம் விட்டுவைத்த ஒரே புகை சுடுகாட்டுப் புகை; பிணம் எரிந்தால்தான் மழை. அதனால் சுவரொட்டிகளில் ‘காலமானார்’ போய்க் ‘கருவானார்’ வந்துவிட்டது. நல்ல மழை பெய்தால், செத்தவர் நல்லவர்.

பக்கத்து வீட்டு வைரவன் ஆப்பிளோடு வந்து உட்கார்ந்தான்.

“காய்ச்சல் எப்படி அண்ணாச்சி?”

“இருக்கு. மேகம் எப்படி?”

“தயாரா நிக்குது. தப்பா நினைக்காதீங்க, உங்கள மேலச் சுடுகாட்டுல வச்சா மழை நம்ம தெருக் கிணத்துக்கு வரும்.”

“கீழத்தெருக்காரன் நேத்தே வந்து கேட்டுட்டான்.”

யாரும் வரவில்லை. பேரத்தில் அப்படிச் சொல்வதுதான் முறை.

“என்ன தர்றானாம்?”

“என் பொஞ்சாதிக்கு ஆயுசுக்கும் தினம் முதல் குடம் தண்ணி.”

“நாங்க ரெண்டு குடம் தர்றோம்.”

“ஆளு இன்னும் மூச்சு விடுதுய்யா!” என்று அடுக்களையிலிருந்து கத்தினாள் பொன்னுத்தாய்.

“அதான் மதினி சிக்கலே” என்றான் வைரவன்.

மறுநாள் காய்ச்சல் விட்டது. தெருவே வந்து சந்தோஷப்பட்டது, துக்க வீட்டு முகத்தோடு. புழுக்கம் தாங்காமல் தங்கப்பழம் மொட்டைமாடிக்கு ஏறினார். அங்கே அண்டா, குடம், வாளி, பால் செம்பு வரை வரிசையாக வாயைத் திறந்து கிடந்தன. பொன்னுத்தாய் அவற்றை அவசரமாக எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எப்ப வச்ச?”

“காய்ச்சல் ஏறினப்ப.” அவள் நிமிரவில்லை. “அழுதுக்கிட்டேதான் வச்சேன்.”

திட்ட வாயெடுத்தார், நாக்கு வறண்டு ஒட்டியது. குனிந்து, உள்ளே கொண்டுபோக ஒரு குடத்தைத் தூக்கினார்.

பக்கத்து வீட்டில் வைரவன் இருமினான். அடிவயிற்றிலிருந்து வந்த இருமல்.

இருவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். இன்னொன்று வந்தது, முன்னதைவிட நீளமாக.

தங்கப்பழம் குடத்தைச் சத்தமில்லாமல் எடுத்த இடத்திலேயே வைத்தார்.