பென்சில் வட்டம்

மூன்றாவது முட்டையில் பெருக்கல் குறியைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது.

அவன் போட்டதல்ல. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் வைத்த தேதி. மூன்று வேளையும் திருப்பி வைக்கும்போது எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று குழம்பக் கூடாது என்பதற்காக அவன் பென்சிலால் போட்டுவைக்கும் அடையாளம் அவ்வளவுதான். இந்த வட்டமும் பென்சில்தான். அவசரமே இல்லாத ஒரு கை, எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரியாதபடி போட்டிருந்தது.

"என்னங்க, உயிர் இருக்கா?" பக்கத்து அறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"இரும்மா, பாத்துட்டுச் சொல்றேன்."

பட்டப்பகலிலும் திரையை இழுத்து இருட்டாக்கியிருந்த அந்தச் சின்ன அறையில், முட்டையின் அடியில் டார்ச்சைப் பிடித்தான். ஓடு செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து நாலாபுறமும் மெல்லிய நரம்புகள். புள்ளி துடித்தது. ஏழாம் நாளுக்கு இதைவிட நல்ல முட்டை இருக்க முடியாது. வட்டத்தை ரப்பரால் அழித்துவிட்டு, "நல்லாருக்கு" என்று குரல் கொடுத்தான்.

மறுநாள் அதே முட்டையில் நரம்புகள் இல்லை. உள்ளே சிவப்பாக ஒரு ரத்த வளையம் மட்டும் நின்றது. கரு செத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அழித்த இடத்தில் பென்சில் வட்டம் முன்போலவே இருந்தது.

அவன் பிரிட்ஜ் மெக்கானிக், குளிரும் சூடும் அத்துப்படி. பழைய பிரிட்ஜ் ஒன்றைக் குடைந்து, பல்பும் சின்ன விசிறியும் வைத்து, முன்னால் கண்ணாடி போட்டு அவனே செய்த பெட்டி அது. முதல் முறை பன்னிரண்டில் இரண்டு பொரித்தன. அடுத்த முறை ஒன்றுகூட இல்லை. தெர்மாமீட்டர் பொய் சொல்கிறதோ என்று இன்னும் இரண்டை வாங்கி வைத்துப் பார்த்தான். மூன்றும் ஒன்றுபோல் முப்பத்தேழரை காட்டின. ஈரம் போதவில்லையோ என்று தண்ணீர்க் கிண்ணத்தை அகலமாக்கினான், காற்றுத் துளைகளை ஒவ்வொன்றாக மூடியும் திறந்தும் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது, குஞ்சுதான் வரவில்லை.

"ஊர் பிரிட்ஜையெல்லாம் சரி பண்றீங்க, ஒரு கோழி சும்மா உக்காந்து செய்யுற வேலை உங்களுக்கு வரலையே" என்று அவள் சிரிப்பாள். அவளுக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை கைநழுவிப் போனதால், இடது பக்கமாகப் படுத்தே இருக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பொழுதுபோகட்டும் என்றுதான் இந்தப் பெட்டியைச் செய்தான். ஆனால் இந்த முறை முட்டை வைத்த அன்று அவள் சிரிக்கவில்லை.

"இதுல ஒன்னே ஒன்னு பொரிச்சாப் போதுங்க. நம்மளதும் நல்லபடியா வந்துடும்னு மனசுல வச்சிட்டேன்."

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தான். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பப் போனான். அன்றிலிருந்து அவனும் மனசில் வைத்துக்கொண்டான்.

சத்தம் தொடங்கியது ஒன்பதாம் நாள். பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய கிற் சத்தம், சற்று நிறுத்தி மறுபடியும். குஞ்சு ஓட்டைக் கீறும் சத்தம் அப்படித்தான் இருக்கும் என்பதால் ஒரு கணம் மனம் குளிர்ந்தது, பிறகுதான் ஒன்பது நாள் கருவுக்கு ஓட்டைக் கீறும் மூக்கு ஏது என்று உறைத்தது. விசிறிதான் எங்கோ உரசுகிறது என்று கழற்றி எண்ணெய் விட்டான். மதியம் பார்த்தபோது இன்னும் நான்கு முட்டைகளில் வட்டம். எல்லாமே திருப்பி வைக்கப்பட்டிருந்தன, அவன் திருப்புவதற்கு முன்பே.

"நீ எழுந்து வந்தியா?"

"நானா? பாத்ரூம் போகவே உங்க கையைப் புடிச்சிட்டுப் போறேன். எனக்கென்ன வேண்டுதலா?"

முட்டை கொடுத்த பண்ணைக்காரருக்கு போன் போட்டான். வட்டத்தைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. முட்டைகள் சாகின்றன, தானாகத் திரும்பிக் கிடக்கின்றன என்று மட்டும் சொன்னான்.

"யாரோ கூடுதலா கை வைக்கிறாங்க தம்பி. பதினெட்டாம் நாளுக்கு மேல திருப்பவே வேணாம், மூடியைத் தொறக்கவும் கூடாது. உள்ள என்ன சத்தம் கேட்டாலும் தொறக்காதீங்க."

வட்டம் விழுந்ததெல்லாம் செத்து, பதினெட்டாம் நாள் மிச்சமிருந்தவை நான்கு. நான்கிலும் வட்டம் இல்லை. மூடியைச் சுற்றி டேப்பை இறுக்கி ஒட்டினான். வேலைக்குப் போகாமல் கண்ணாடி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். சூடான ஈரக் காற்றில் பழந்துணி நாற்றம் வந்தது. சத்தம் நாள் முழுக்க இருந்தது, ஆனால் கண்ணெதிரே எதுவும் அசையவில்லை. முகம் கழுவப் போய்விட்டு வந்தான்.

இரண்டில் வட்டம்.

டேப் அப்படியே இருந்தது.

மறுநாள் மூன்றாவதிலும். மிச்சம் ஒன்று. அந்த ஒன்றையாவது விடு. யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலே வாய்விட்டுக் கேட்டான்.

இருபத்தோராம் நாள் மதியம் அந்த நான்காவது முட்டை விரிசல் விட்டது. பெருக்கல் குறிக்குக் குறுக்கே ஒரு கீறல். ஓட்டுச் சில்லு ஒன்று தெறித்தது. நனைந்த ஒரு மூக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். குஞ்சு முழுதாக வெளியே வந்து, தலை நிற்காமல் தள்ளாடி, கத்தியது. காய்கிறவரை பெட்டிக்குள்ளேயே விட்டுவைக்கவேண்டும் என்று தெரிந்தும் அவனால் பொறுக்க முடியவில்லை. டேப்பைக் கிழித்தான். அழுகை வந்தது. அவளிடம் காட்டவேண்டும். இப்போதே.

குஞ்சை உள்ளங்கையில் ஏந்தி எழுந்தான்.

சத்தம் நிற்கவில்லை.

பெட்டியைப் பார்த்தான். மூன்று முட்டைகளும் அசையாமல் கிடந்தன. சுவிட்சை அணைத்தான். விசிறி சுற்றி ஓய்ந்தது.

கிற். நிறுத்தம். கிற்.

பக்கத்து அறையிலிருந்து.

கதவு திறந்திருந்தது. திரை மூடியிருந்தது. அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் இடது பக்கமாகப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தவன் அவன்தான். இப்போது வலது பக்கமாகக் கிடந்தாள். தலையணையும் பக்கம் மாறி, முதுகுக்கு ஒழுங்காக முட்டுக்கொடுத்திருந்தது.

நைட்டி வயிற்றுக்கு மேல் மடித்துவிடப்பட்டிருந்தது. அழகாக. சுருக்கமில்லாமல்.

வயிற்றில் ஒரு பெருக்கல் குறி.

அதைச் சுற்றி ஒரு கோடு. முக்கால் வட்டம். கோட்டின் நுனியில் தோல் ஊசிமுனை அளவுக்குக் குழிந்திருந்தது. குழி நகர்ந்தது. கிற். அங்கே கை இல்லை. பென்சில் இல்லை. எதுவும் இல்லை.

குஞ்சு கத்தியது. அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"பொரிச்சிடுச்சாங்க?"

வட்டம் மூட இன்னும் ஒரு விரற்கடை இருந்தது. அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து மூடினான். அழுத்திக்கொண்டான்.

கோடு நிற்கவில்லை. அவசரமில்லாமல், நடுங்காமல், அவன் நகத்தின் மேல் ஏறியது.