பதினேழாவது பிள்ளைத்துணி

மனிதகுலம் இதுவரை உண்டாக்கிய கறைகளில் அருமைராசாவால் எடுக்க முடியாதது ஒன்றுகூட இல்லை. மொன்றியல் ஷபனெல் தெருவில், கல்யாணச் சட்டைகளும் பழந்துணிகளும் துப்பரவாக்கும் கடையில், ஆறு வருடமாக அவனே இதைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி வந்திருக்கிறான். ஆகவே 2006 தை மாதத்து ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மூன்று நாளாகக் காய்ந்து கிடந்த பதினேழாவது துணி மறுபடி நனைந்திருந்ததை அவன் தனிப்பட்ட அவமானமாகவே எடுத்துக்கொண்டான்.

மொத்தம் முப்பத்தொரு துணிகள். ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில், யூதக் குடும்பங்களில் ஆண்பிள்ளை பிறந்தால், விருத்தசேதனத்தன்று பிள்ளையைச் சுற்றிய துணியை நாடாவாக வெட்டித் தைத்து, அதில் பெயரைப் பூவேலை செய்து, வேதச்சுருளைக் கட்டுவதற்குத் தொழுகைக்கூடத்தில் கொடுப்பார்களாம். தொழுகைக்கூடத்தை நாஜிகள் எரித்தார்கள். பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். துணிகள் மட்டும் ஒரு பெட்டிக்குள் தப்பி, மொன்றியலில் ஒரு நினைவுக்கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. ஐந்து மணிக்கு அங்கிருந்து ஒரு பெண் எடுக்க வருவாள்.

"ஒண்டு பழுதானாலும் நாளைக்கு நீ வரத்தேவையில்லை" என்று முதலாளி விமலநாதன் சொல்லிவிட்டார். வேலை போனால் வேலைக்கடிதம் இல்லை. கடிதம் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனுசியைக் கனடாவுக்குக் கூப்பிட ஏலாது.

"அக்கா, தேத்தண்ணிய ஊத்திப்போட்டு வாயத் திறக்காமல் இருக்கிறியளோ?"

"நான் ஏன் ஊத்துறன்?" என்றாள் கூட வேலை செய்யும் மன்னார் அக்னெஸ். "பிள்ளைத்துணி எண்டா நனையும்தானே."

அவள் ஒவ்வொரு துணியையும் கழுத்து நிற்காத குழந்தையைத் தூக்குவதுபோல உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தூக்குவாள். இரண்டு தட்டுத் தட்டி, "அச்சாப்பிள்ளை" என்று கொஞ்சிக் கிடத்துவாள். அருமைராசாவுக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு அந்தக் கடையில் கிடையாது.

"பால்போத்தலும் வாங்கித் தரட்டோ? மாதா கோயில்ல ஞானஸ்நானமும் குடுத்துவிடுங்கோவன்."

"எல்லாக் கறைக்கும் மருந்து வைச்சிருக்கிறாய் தம்பி, உன்ர வாய்க்குத்தான் இல்லை" என்றவள், நாலு மணிக்கு மகளைப் பிள்ளைகள் காப்பகமான கார்டரியில் எடுக்க வேண்டுமென்று குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

யன்னலுக்கு வெளியே வெளிச்சம் அதற்குள் மங்கத் தொடங்கியிருந்தது. தெருவில் எங்கோ பனி வழிக்கும் வண்டி நிலத்தைச் சுரண்டிக்கொண்டு போனது. சுவரோரத்துச் சூட்டுக்குழாய் இடையிடையே டிக், டிக் என்றது. அருமைராசா குனிந்து பதினேழாவது துணியை மணந்து பார்த்தான். தேத்தண்ணீர் இல்லை. புளித்த பாலும் அதற்கடியில் சின்னக் குழந்தைகள் உள்ள எந்த வீட்டிலும் வரும் இன்னொரு மணமும். வெள்ளைத் துவாயை வைத்து அழுத்தினான். துவாய் மஞ்சளானது. கூரையைப் பார்த்தான், ஒழுக்கு இல்லை. மறுபடி அழுத்தினான். ஈரம் அதே இடத்தில், அதே அளவில், வெதுவெதுப்பாக ஊறி வந்தது.

"பழைய லினன். காற்றிலை இருக்கிற தண்ணியைக் குடிக்கும்" என்று யாருமில்லாத கடைக்கு அவன் விளக்கம் கொடுத்தான்.

மணி நாலே முக்கால். சூட்டைக் குறைத்து வைத்து இஸ்திரிப்பெட்டியை எடுத்தான். துணிக்கு ஒரு சாண் மேலே கொண்டுவந்தபோது, துணி உள்வாங்கியது.

சுருங்கவில்லை. உள்வாங்கியது. பயந்த வயிறுபோல.

பெட்டியை வைத்தான். வயரைப் பிடுங்கினான்.

ஒரு சத்தம். நீராவி இல்லை. குழாய் இல்லை. மேசையில்தான். விக்கல். பிறகு மூச்சு இழுத்தல். இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. இன்னும் வரவில்லை. வந்தால் எது வரும் என்று அருமைராசாவுக்குத் தெரிந்தது.

அவன் கை தானாகப் போனது. உள்ளங்கை அடியில். மூன்று முழத் துணி. பாரம் ஏழு, எட்டு இறாத்தல்.

தோளில் சாய்த்தான். யாராவது பார்க்கிறார்களா என்று வாசலைப் பார்த்தான்.

"அச்சாப்பிள்ளை" என்றான், மிக மெதுவாக. இரண்டு தட்டு. "அச்சாப்பிள்ளையெல்லே."

மூச்சு வெளியே வந்தது. அழுகை இல்லை. கழுத்தோரம், பல்லில்லாத ஒரு சின்ன வாய் எதையோ தேடத் தொடங்கியது.

மேசையில் மற்ற முப்பதும் வரிசையாக, காய்ந்து, வெள்ளையாகக் கிடந்தன. முதலாவதன் நடுவில் ஒரு கையளவு ஈரம் மெல்லப் பரவியது. பிறகு இரண்டாவதில். பிறகு மூன்றாவதில்.

அருமைராசா தட்டிக்கொண்டே நின்றான்.