தங்கச்சியின் சலவை மெசின்

“மெசின் பொருத்தப் போற ஆளுக்கு என்னத்துக்கு அயன் பண்ணின சேட்டு?”

குசினிக்குள் நின்றபடியே கேட்டாள் றஞ்சனி. கையில் பிட்டுக் குழல். குரலில் காலையிலேயே ஒரு சூடு ஏறியிருந்தது.

ஜெயரூபன் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான். ஐம்பது வயது. புங்குடுதீவில் தண்ணீர் மோட்டர், குளிர்சாதனப் பெட்டி எது பழுதென்றாலும் அவனைத்தான் தேடி வருவார்கள். இடுப்பில் கட்டிய கிறீஸ் படிந்த சாரத்தோடு கலியாண வீட்டுக்கே போய்விடக் கூடிய மனிதன்!

“முதியோர் இல்லத்துக்கும் போக வேணும், றஞ்சி. அங்கை நாலு பெரிய ஆக்கள் இருப்பினம்…”

“ஆரோடை போறியள்?”

சீப்பு ஒரு கணம் நின்றது.

“துஷாந்தியும் வருவா.”

“ஓம்… வருவா. வராமல் இருப்பாவே!”

“என்ன கதை கதைக்கிறீர்? உம்மடை தங்கச்சிதானே!”

“அதைத்தான் நானும் சொல்லுறன். என்ரை தங்கச்சி. உங்கடை இல்லை!”

அவன் சீப்பை வைத்துவிட்டு வெளியே இறங்கினான். பிட்டு அவியும் வரைக்கும் நிற்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை திரும்பி மறையும் வரை அவள் குழலைப் பிடித்தபடி நின்றாள்.

அவர்கள் வீட்டு வளவில் பதினாலு பழைய சலவை மெசின்கள் இருந்தன. பூட்டிக் கிடந்த வீடுகளிலிருந்தும், கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள் விட்டுப்போன சாமான்களுக்குள்ளிருந்தும் ஜெயரூபன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்தவை. றப்பர் உருளைக்குள் துணியைக் கொடுத்துக் கையால் சுற்றிப் பிழிகிற மெசின் ஒன்று. இரட்டைத் தொட்டி மெசின்கள் ஐந்து. நோர்வேயிலிருந்து வந்தவர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன உடுப்புக் காய வைக்கிற மெசினும் ஒன்று. “இந்தத் தீவு வெயிலிலை காயாத உடுப்பும் இருக்கோ?” என்று அதைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை. அவனோ துருவைச் சுரண்டி, பெல்ற் மாற்றி, கிடைக்காத பாகத்தைத் தானே கடைந்து போடுவான். இருபது முப்பது வருசம் செத்துக் கிடந்த மெசின் திரும்பச் சுற்றத் தொடங்கினால், பக்கத்தில் குந்தியிருந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஆனால் றஞ்சனி அவனைக் கலியாணம் கட்டிய இருபத்திரண்டு வருசமாகக் கிணற்றடிக் கல்லில்தான் உடுப்புத் தோய்த்தாள். கிணற்றுத் தண்ணீர் உவர். “தொட்டி துருப்பிடிச்சுப் போகும், றஞ்சி” என்பான். அவளும் பொறுத்துக்கொண்டாள். குடியில்லை, சூதில்லை, இரும்போடுதானே மாரடிக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பதினைந்தாவது மெசின் வந்த பிறகுதான் அந்த மனம் தேற மறுத்தது.

அதைக் கொண்டுவந்தவள் துஷாந்தி. றஞ்சனிக்கு மூன்று வயது இளையவள். கலியாணம் கட்டவில்லை. ஜேர்மனியில் ஒரு ஆசுப்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்தைந்து வருசம் ஊர்ப்பக்கம் வராமலே வேலை செய்துவிட்டு, மூன்று மாதத்துக்கு முன் நிரந்தரமாகத் திரும்பி வந்திருந்தாள். அந்தச் சலவைக்கூடம் கழித்துவிட்ட ஒரு மெசினையும் கப்பலில் ஏற்றிவிட்டிருந்தாள். வட்டமான கண்ணாடிக் கதவு, தடித்த உருக்குத் தொட்டி, நாலு பேராவது பிடித்தால்தான் அசைகிற பாரம். இரண்டு ஒழுங்கை தள்ளிப் பூட்டிக் கிடந்த சித்தப்பா வீட்டைத் திருத்தி, மழைத்தண்ணீர்த் தாங்கி கட்டி, முதியோர் இல்லத்தின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் கொடுக்கப் போகிறாளாம்.

“பிள்ளையள் எல்லாம் வெளியிலை. அந்தச் சனத்துக்கு ஆர் அக்கா தோய்ச்சுக் குடுக்கிறது?” என்றாள்.

நல்ல காரியம்தான். ஆனால் அன்றிலிருந்து ஜெயரூபன் தினமும் காலையில் அங்கேதான். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் அதே கதை.

“துஷாந்திக்கு மெசினைப் பற்றி எவ்வளவு தெரியும் தெரியுமே! சத்தத்தைக் கேட்டே எந்தப் பெயாரிங் பழுதெண்டு சொல்லுறா!”

றஞ்சனி சோற்றைப் பிசைந்தபடியே இருப்பாள். இருபத்திரண்டு வருசம்… ஒரு நாளாவது அவள் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டுச் சொல்லியிருக்கிறாளா? சொல்லத் தெரியுமா?

பிறகு எல்லாமே கண்ணில் குத்தத் தொடங்கியது. வேர்த்து ஒழுகுகிற வெயிலிலும் துஷாந்தி நீட்டுக் கைச் சட்டைதான் போட்டாள். வலது கையை எப்போதும் ஒரு சால்வை மூடியிருக்கும். சோற்றைக் கூட இடது கையால் கரண்டி பிடித்துத்தான் சாப்பிட்டாள். வெளிநாட்டுப் பவுசு! கண்டிருக்கிறோம்!

அதற்கெல்லாம் அடியில் ஒரு பழைய காயமும் இருந்தது. மகன் நிசாந்தன் இப்போது கொழும்பில் படிக்கிறான். ஒரு வயதில் அவனுக்கு இருதயத்தில் ஒப்பரேசன். துஷாந்திதான் செலவுக்கு அனுப்பினாள். ஆனால் பிள்ளையை உள்ளே கொண்டுபோன நாளிலிருந்து மூன்று மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு இல்லை! பிள்ளை பிழைத்தானா இல்லையா என்று ஒரு வார்த்தை… காசு கொடுத்தால் காணுமா? தங்கச்சியின் குரல் வேண்டாமா? அந்த மூன்று மாதத்தை றஞ்சனி மன்னிக்கவே இல்லை.

அன்று காலை பிட்டையும் சம்பலையும் ஒரு பாத்திரத்தில் வைத்து மூடிக்கொண்டு புறப்பட்டாள். ‘சாப்பிடாமல் போனவருக்குக் கொண்டுபோறன்’ என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். உள்ளே குடைந்த எண்ணம் வேறு.

சித்தப்பா வீட்டுப் படலை திறந்து கிடந்தது. மெசின் இருந்த அறையின் ஜன்னலும் திறந்திருந்தது. றஞ்சனி அந்த ஜன்னலோடு கல்லாகி நின்றாள்.

ஜெயரூபன் முதுகு காட்டி ஒரு முக்காலியில் இருந்தான். எதிரே துஷாந்தி. அவளுடைய கை அவனுடைய இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது. அவள் முகமெல்லாம் கண்ணீர்.

“அழாதையும்… நான் இருக்கிறன்தானே” என்றான் அவன்.

தனக்கு அப்படி ஒரு வார்த்தை அவன் கடைசியாக எப்போது சொன்னான்?… றஞ்சனியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காலடிச் சத்தம் கேளாமல் திரும்பி நடந்தாள். பிட்டு முழுவதையும் வேலியோரம் கொட்டினாள்.

அரை மணித்தியாலம் கழித்து மோட்டார் சைக்கிள் அவளுடைய வாசலைத் தாண்டிப் போனது. பின்னால் துஷாந்தி. இடது கை ஜெயரூபனின் தோளில்! அயன் பண்ணிய சேட்டின் தோளில்!

அந்த நேரம் பார்த்துத்தானா மார்க்கண்டுவின் லொறி வர வேண்டும்? “பழைய இரும்பு, பித்தளை, பழுதான மெசின்…” என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு அது ஒழுங்கைக்குள் நுழைந்தது. மார்க்கண்டுவுக்கு அந்தப் பதினாலு மெசின்கள் மேல் நெடுநாளாகக் கண். ஒவ்வொரு முறையும் றஞ்சனிதான் துரத்திவிடுவாள்.

“இண்டைக்காவது மனம் வைக்கிறியளே, அம்மா?”

“இஞ்சை இல்லை. என்னோடை வாங்கோ.”

சித்தப்பா வீட்டுப் பூட்டுக்குத் துஷாந்தி நம்பிக்கையோடு கொடுத்து வைத்திருந்த மறு திறப்பு அலுமாரிக்குள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். லொறியில் வந்த நாலு பேர் மூச்சுப் பிடித்து மெசினைத் தூக்கி லொறியில் ஏற்றினார்கள். மார்க்கண்டு நீட்டிய தாள்களை எண்ணாமல் வாங்கினாள். லொறி திரும்பி மறையும் வரை நெஞ்சுக்குள் ஒரு கொண்டாட்டம். மறைந்ததும் கையிலிருந்த தாள்களை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மத்தியானம் துஷாந்தி ஓடி வந்தாள். செருப்புக் கூட இல்லை. பின்னால் ஜெயரூபன்.

“அக்கா! மெசினைக் காணேல்லை! ஆரோ களவெடுத்துக்கொண்டு…”

“களவில்லை. நான்தான் இரும்புக்காரனுக்குக் குடுத்தனான்.”

ஜெயரூபனின் முகம் இருண்டது.

“றஞ்சி! உமக்கென்ன விசரே?”

“ஓம், விசர்தான்! கட்டின புருசன் விடியக் காலமை தலை சீவிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனால் விசர் பிடிக்காமல் என்ன செய்யும்? இந்த வீட்டிலை நான் ஒருத்தி உயிரோடை இருக்கிறன் எண்டு ரெண்டு பேரும் மறந்து போனியளே!”

“அக்கா… என்ன சொல்லுறாய்?”

“நடிக்காதையடி! அவர் உன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்ததை என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான்!”

துஷாந்தி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“எந்தக் கை, அக்கா?”

“எந்தக் கையெண்டால் என்ன?”

“வேண்டாம் துஷாந்தி…” என்றான் ஜெயரூபன். அவள் கேட்கவில்லை. சால்வையை இழுத்து எறிந்தாள். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினாள்.

அந்தக் கையில் பெருவிரலும் சுட்டு விரலும் மட்டும் இருந்தன. மற்ற இடமெல்லாம் உருகி இறுகியது போன்ற தோல்.

“படுக்கைச் சீலையை அழுத்துற சூட்டு உருளை, அக்கா. நிசாந்தனுக்கு ஒப்பரேசன் எண்டு நீ அழுத நேரம், நான் இரவும் பகலுமா ரெண்டு வேலை செய்தனான். நிண்ட நிலையிலை நித்திரையாப் போனன்… சீலையோடை கையும் உள்ளுக்கை போட்டுது.”

“ஐயோ… துஷா!”

“மூண்டு மாதம் ஆசுப்பத்திரியிலை கிடந்தன். உன்னோடை கதைச்சிருந்தால் குரலிலையே கண்டுபிடிச்சிருப்பாய். அதுதான் கதைக்கேல்லை.”

“ஏனடி மறைச்சனீ? பதினெட்டு வருசம்… ஏன்?”

“அந்தப் பிள்ளை என்ரை கையைப் பார்த்துப் பார்த்தே வளர வேணுமே? அத்தானுக்கும் நான் சொல்லேல்லை. இந்தக் கையாலை மெசின் கதவைத் திறக்க ஏலாமல் நிண்டன், கண்டுபிடிச்சிட்டார். நிசாந்தன்ரை பேரிலை சத்தியம் வாங்கினனான். காலமை அளவெடுத்தவர், மணிக்கட்டாலை அமத்தித் திறக்கிற மாதிரி ஒரு பிடி செய்து போட. கை போன பிறகு அங்கை என்னைச் சீலை எண்ண மட்டும்தான் விட்டவை. இத்தனை வருசத்துக்குப் பிறகு நானே கதவைத் திறந்து தோய்க்கப் போறன் எண்டு நினைக்க அழுகை வந்திட்டுது… அதைத்தான் நீ கண்டனீ!”

துஷாந்தி சால்வையைப் பொறுக்கினாள். போகிற போக்கில் திரும்பாமலே சொன்னாள்.

“நான் ஆம்பிளை தேடி இஞ்சை வரேல்லை, அக்கா. அக்காவைத் தேடித்தான் வந்தனான்.”

ஜெயரூபன் ஒரு வார்த்தை ஏசவில்லை. நிலத்தைப் பார்த்தபடி நின்றான். அவன் ஏசியிருந்தால் றஞ்சனிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

றஞ்சனி றோட்டுக்கு ஓடி, குறிகட்டுவான் துறையிலிருந்து வந்த பஸ்ஸை மறித்து ஏறினாள். மண்கும்பானில் மார்க்கண்டுவின் இரும்பு வளவு றோட்டோரம்தான். உள்ளே ஓடினாள். மெசினின் கண்ணாடிக் கதவு கழன்று மண்ணில் கிடந்தது. ஒருவன் தொட்டியை உடைக்கச் சம்மட்டியை ஓங்கியிருந்தான்.

“நிப்பாட்டுங்கோ!” என்று அலறிக்கொண்டு போய் மெசின்மேல் விழுந்து கட்டிப்பிடித்தாள்.

மார்க்கண்டு பதறிப்போய் வந்தார். “நீங்கள்தானே அம்மா ஏத்திவிட்டனீங்கள்?”

எத்தனையோ பொய் சொல்லலாம். ஆள் மாறிவிட்டது, மெசின் மாறிவிட்டது… வளவில் ஏழெட்டுப் பேர் வேலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இது என்ரை இல்லை, அண்ணை. என்ரை தங்கச்சியின்ரை. பொறாமையிலை வித்திட்டன்.”

சம்மட்டி தாழ்ந்தது. மார்க்கண்டு அவள் நீட்டிய தாள்களை வாங்கி மடித்துக்கொண்டார். மூலையில் நின்ற, பெட்டி இழுக்கும் சின்ன உழவு இயந்திரத்தைக் கையால் காட்டினார்.

“லான்ட்மாஸ்ரரிலை ஏத்தி விடுறன், அம்மா. கதவைக் கவனமாப் பிடிச்சுக்கொண்டு போங்கோ.”

அந்த இழுவைப் பெட்டிக்குள் மெசினோடு குந்தியிருந்து, அந்தக் கண்ணாடிக் கதவை மடியில் வைத்துக்கொண்டு றஞ்சனி கடற்பாலத்தைக் கடந்தாள். எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தாள்.

பொழுது சாய்கிற நேரம் சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்தாள். அறைக்குள் துஷாந்தி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையால் சிப்பை இழுத்து மூட முடியாமல் முழங்காலால் பெட்டியை அமத்திக்கொண்டிருந்தாள்.

“மெசின் வந்திட்டுது.”

“அத்தான் வைச்சிருக்கட்டும். எனக்கு ஜேர்மனியிலை இன்னும் ஒரு அறை இருக்கு, அக்கா. நாளைக்குக் கொழும்புக்குப் போறன்.”

“போகாதை எண்டு சொல்ல எனக்கு முகமில்லை…” றஞ்சனியின் குரல் உடைந்தது. “ஆனால் ஒண்டு சொல்லிப்போட்டு விடுறன். எனக்கு இன்னும் எரியுதடி! என்ரை புருசனை எடுத்துப்போட்டாய் எண்டு எரிஞ்சது பொய். உன்ரை கை போன கதை எனக்கு முதல் அவருக்குத் தெரிஞ்சிட்டுதே… அதுதான் இப்ப எரியுது! அவர் ஆர் உனக்கு? நான் ஆர்? உன்னை இடுப்பிலை தூக்கிக்கொண்டு திரிஞ்சவள் நான்! எனக்கு முதல் சொல்லாமல்… என்னைக் கட்டிப்பிடிச்சு அழாமல்… பதினெட்டு வருசம் தனிய…”

துஷாந்தியின் முழங்கால் பெட்டியிலிருந்து நழுவியது. சின்னப் பிள்ளை போல ‘அக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டு வந்து விழுந்தாள். இருவரும் நிலத்தில் இருந்து அழுதார்கள். மூன்று மாதக் கோபம், பதினெட்டு வருச மௌனம் எல்லாம் அந்த அழுகையில் போயிற்று.

“நிசாந்தனுக்கு நானே சொல்லுறன்” என்றாள் றஞ்சனி. “அவன் வளர்ந்திட்டான். சின்னம்மா ஆரெண்டு அவனுக்குத் தெரிய வேணும்.”

துஷாந்தி தலையாட்டினாள். றஞ்சனி அந்தக் கையை எடுத்து மடியில் வைத்தாள். இறுகிய தோலின்மேல் பயந்து பயந்து விரல் வைத்தாள்.

“இப்பவும் நோகுதோ?”

“குளிருக்குத்தான் நோகும். இஞ்சை வந்து ஒரு நாளும் நோகேல்லை, அக்கா.”

றஞ்சனி எழுந்து பெட்டியைத் திறந்தாள். அடுக்கியிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

வெளியே ஜெயரூபனின் குரல் கேட்டது. லான்ட்மாஸ்ரர்க்காரனும் அவனுமாக மெசினைப் பாதி இறக்கி, மேலே தூக்கவும் ஏலாமல், கீழே விடவும் ஏலாமல் திணறிக்கொண்டிருந்தார்கள்.

“அழுது முடிஞ்சுதெண்டால் ஆராவது ஒரு பக்கம் வந்து பிடியுங்கோவன்!”

துஷாந்தி சட்டைக் கையை இன்னும் மேலே சுருட்டிக்கொண்டாள். சால்வையைத் தேடவில்லை. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார்கள்.