மூச்சுப் பங்கு

காலையில் கண் விழித்ததும் செண்பகவடிவு முதலில் பார்ப்பது, முந்தின நாள் தான் எவ்வளவு மூச்சு விட்டோம் என்பதைத்தான். வாசல் நிலையில் பதித்திருந்த மூச்சுமானியில் முள் முந்நூறு படிக்கு ஒரு நூல் கீழே நின்றது.

"நேத்தும் தாண்டல," என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போனாள். வெண்குழிக் குடியிருப்பின் மற்ற வீடுகளிலும் அந்நேரத்தில் யாராவது ஒருவர் மானிக்கு முன்னால் நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.

நிலவில் தண்ணீருக்கு வழியுண்டு. பள்ளங்களுக்குள் உறைந்து கிடப்பதை வெட்டி எடுக்கலாம். வெயிலுக்குக் குறைவே இல்லை. ஒரு பகல் பதினான்கு நாள் நீளும். கரிதான் கிடையாது. செடி தின்னும் கரிக்காற்று மனிதர்கள் விடும் மூச்சிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஒரு வீட்டாரின் மூச்சு சுவருக்குள் ஓடும் குழாய் வழியே அவர்களுடைய கண்ணாடித் தோட்டத்துக்குப் போய், நல்ல காற்றாகி வீடு திரும்பும். ஓர் ஆள் விடும் மூச்சு ஒரு தோட்டத்துக்குச் சரியாக இருக்கும். கணவர் சங்கரலிங்கம் நிலவுத் தூசி நெஞ்சில் கட்டி இறந்துபோன மறுநாள் காலையில் மானி பாதியாகக் காட்டியது. அந்தப் பாதிக்குக் கண் பழக வடிவுக்கு வெகுநாள் ஆயிற்று.

அவர் வைத்துவிட்டுப் போன மூன்று சுண்டைச் செடிகள் தோட்டத்தில் குலை குலையாய்க் காய்த்தன. காய் இருந்து என்ன செய்ய? பச்சைக் காயை வாங்க ஆளில்லை. செவ்வாய்க்குப் போகிற கப்பல்காரர்களுக்கு மாதக்கணக்கில் மூக்கடைப்பு. எதைத் தின்றாலும் சப்பென்றிருக்கும். உப்பும் உறைப்பும் கசப்புமாக, கெடாமல் இருக்கும் பண்டம் என்றால் பறந்து வந்து எடுத்துக்கொள்வார்கள். ஆகவே, விளைந்ததை அப்படியே வைத்திருக்கக் கூடாது, மதிப்புக் கூட்டிக் கப்பலேற்ற வேண்டும் என்று குடியிருப்பு விதி போட்டிருந்தது. ஆண்டு முடிவுக்குள் அப்படிச் செய்யாத தோட்டம் பொதுத் தோட்டத்தோடு சேர்க்கப்படும். தோட்டம் போனால் வீடும் போகும். ஒற்றை ஆட்களுக்கான நீளக் கூடத்தில் ஒரு கட்டில் கிடைக்கும். ஆண்டு முடிய மூன்று மாதம் இருந்தது. சுண்டைச் செடிகளைப் பொதுத் தோட்டக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று வடிவுக்குத் தெரியும். முள்ளென்று வெட்டிப் போடுவார்கள்.

வத்தல் போடலாம்தான். வெளியே காற்றில்லாத வெயிலில் காயை வைத்தால் அதன் நீர் ஒரு நொடியில் பறந்துபோய்ப் பஞ்சாகிவிடும். வறுத்து வாயில் போட்டால் காகிதம். உப்பும் மோரும் ஊறி இறங்க நிதானமான வெயில் வேண்டும்; கொஞ்சம் காற்றும் வேண்டும். அதற்கென்றே வந்திருந்தது அரைக்காற்றுப் பெட்டி. கரிநாரால் செய்த பெட்டி. 'பாதிக்குப் பாதி' என்ற திட்டத்தில் அதைத் தந்தார்கள். பெட்டிக்கான கரியில் பாதியைக் குடியிருப்பு போடும். மீதிப் பாதியை விண்ணப்பித்தவர் மூச்சாகத் தர வேண்டும். தோட்டத்துக்கு வேண்டியது போக நாளுக்கு நூறு படி கூடுதலாக, ஒரு நிலவு மாதம். கூடவே தொழில்நுட்ப உதவியும் உண்டு.

வடிவு விண்ணப்பித்தாள். நூறு படி எங்கிருந்து வரும்? பாட்டுப் பாடினாள், ஐந்து படி கூடியது. கயிறு தாண்டிக் குதித்தாள். பூமியில் அறுபது கிலோ இருந்த உடம்பு நிலவில் பத்துக் கிலோ. எவ்வளவு குதித்தாலும் இறகு மாதிரி இறங்கியதே தவிர, மூச்சு வாங்கவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ரோஸ்லினுக்குப் பெட்டி வந்தது.

வடிவின் அடுக்களைக்கு நேர் எதிரே, இரண்டு தோட்டங்களுக்கும் நடுவிலுள்ள கண்ணாடிச் சுவரை ஒட்டி அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். பளபளவென்று கறுப்பாக இருந்தது. உள்ளே தட்டுத் தட்டாக மோர்மிளகாய். ரோஸ்லின் தலையில் ஒரு பூத்துணியைக் கட்டிக்கொண்டு தட்டுகளைத் திருப்பிவிட்டாள். பின்னால் சாய்வு நாற்காலியில் அவள் கணவன் ஜெபமணி மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பான். தினம் ஒரு சட்டை. முகத்தில் மாறாத ஒரு நிம்மதி.

'ரெண்டு ஆள். அறுநூறு படி. ஏன் கிடைக்காது?' வடிவுக்கு அடிவயிற்றில் ஏதோ பற்றிக்கொண்டது. மானியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். இனி அதைப் பார்த்து என்ன ஆகப் போகிறது?

மறுநாள் உதவி இயந்திரம் வந்தது. அதன் நெற்றியில் ஏழு என்று எழுதியிருக்கும். மூன்று சக்கரமும் ஒரு நீண்ட கழுத்தும் உள்ள அதை வெண்குழியில் எல்லாரும் ஏழுமலை என்றே கூப்பிட்டார்கள்.

"வணக்கம் அம்மா. தங்கள் விண்ணப்பத்தின் பேரில் தொழில்நுட்ப உதவி தொடங்கிவிட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

"என்ன உதவி? வாறே, கழுத்தை நீட்டி என் மூஞ்சியப் பாக்கே, போறே. அவளுக்குப் பெட்டி, எனக்கு உன் கழுத்தா?"

"பெட்டி இங்கிருந்து நன்றாகத் தெரிகிறதா அம்மா?"

"நல்லாத் தெரியுது. போ வெளிய!"

ஏழுமலை குறித்துக்கொண்டு போயிற்று.

அதன்பின் வந்த நாட்களை வடிவு அடுக்களையிலும் பரணிலுமாகக் கழித்தாள். பரண் மேலிருந்து பார்த்தால் ரோஸ்லின் வீட்டு முற்றம் முழுதும் தெரியும். கப்பல் அதிகாரி ஒருவன் வந்து மோர்மிளகாயைக் கடித்துக் கண்ணீர் விட்டுச் சிரித்ததைப் பார்த்தாள். சடசடவென்று இறங்கினாள். துலக்கி வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் தேய்த்தாள். ஏற்றுமதி முத்திரை குத்த ஆள் வந்ததைப் பார்த்தாள். இறங்கி, இடிக்கத் தேவையில்லாத மல்லியை இடித்தாள். ரோஸ்லின் ஒரு கிண்ணம் நிறைய மோர்மிளகாய் கொடுத்தனுப்பியபோது ஒன்றை வறுத்துத் தின்று பார்த்தாள். நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. வெறுங்கிண்ணத்தைத் திருப்பித் தரக் கூடாதே என்று பச்சைச் சுண்டைக்காயைப் போட்டுக் கொடுத்தாள். அதுவும் முற்றல் காயாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டாள்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது சங்கரலிங்கத்திடம் முறையிட்டாள்.

"ஏங்க, கேட்டீங்களா? இன்னைக்கு அவளுக்கு முத்திரை குத்தியாச்சாம். நீங்க பாட்டுக்குப் போய்ச் சேந்துட்டீங்க. ஒத்த மூச்சை வச்சுக்கிட்டு நான் யாரோட மல்லுக்கட்டுதது? சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கது எனக்குத் தெரியும்."

பரணில் பதினைந்து நாள் ஏறி இறங்கியதில் அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. ஜெபமணியின் மடியிலிருந்த புத்தகத்தில் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. அவன் எழுந்து நடந்ததை அவள் பார்த்ததே இல்லை. கை சொறிந்ததில்லை, கொட்டாவி விட்டதில்லை. அது மனிதனே இல்லை, பொம்மை! ஆளில்லாத நாற்காலியில் பொம்மையை உட்கார வைத்து, இரண்டு ஆள் மூச்சுக் காட்டி, பெட்டியை வாங்கிவிட்டாள்!

அன்றே குடியிருப்பு அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணிப் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து விசாரிக்க ஏழுமலைதான் வந்தது; அதுவரை வடிவு பரணை விடவில்லை. புகார் கொடுத்தவரும் உடனிருக்க வேண்டும் என்று விதியாம். வடிவு புடவையைச் சரிசெய்துகொண்டு, போருக்குப் போகிறவள் போலப் பக்கத்து வீட்டுப் படியேறினாள்.

"வாங்கக்கா," என்றாள் ரோஸ்லின். அவள் கண்கள் கலங்கியிருந்தன. "பொம்மையான்னு நீங்களே தொட்டுப் பாருங்க."

வடிவு நாற்காலிக்குப் பக்கத்தில் போனாள். சட்டைக் காலரில் கஞ்சி மணத்தது. அவன் கையைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது, ஆனால் தோல், மனிதத் தோல். அவன் நெஞ்சு அசையக் காத்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் கழித்து ஒருமுறை ஏறி இறங்கியது.

"குறைதூக்கம் அம்மா," என்றது ஏழுமலை. "பனிச்சுரங்கத்தில் வேலை இல்லாத நாட்களில் காற்றை மிச்சம் பிடிக்கத் தொழிலாளர்களைத் தூங்க வைக்கிறார்கள். மாதத்தில் இருபத்தைந்து நாள்; மீதி நாள் சுரங்கத்திலேயே வேலை. இவர் விடும் மூச்சு நாளுக்குப் பத்துப் படி."

"எல்லாரையும் சுரங்கத்துலயே அடுக்கி வச்சிருவாங்க," என்றாள் ரோஸ்லின். "நான்தான் மனுப் போட்டு வீட்டுக்குக் கொண்டாந்தேன். வீட்டுல ஆள் இருக்க மாதிரி இருக்குமேன்னு. தினம் சட்டை மாத்துவேன்."

வடிவு அவன் கையை மெல்ல விட்டாள். "அப்போ... நூறு படிக்கு நீ என்ன பண்ணினே?" என்று கேட்டாள்.

ரோஸ்லின் தரையைப் பார்த்தாள்.

"சொன்னா வருத்தப்படக் கூடாது. நீங்க செடிக்குத் தண்ணி ஊத்தும்போது அண்ணாச்சிகிட்ட பேசுவீங்கல்லா, அது காத்துக்குழா வழியா எங்க தோட்டத்துல கேக்கும். சண்டை போடுவீங்க, சமாதானம் ஆவீங்க. எனக்கு ஆத்தாமையா வரும்க்கா. உசுரோட இருக்கவர்கிட்ட நான் ஒருநாளும் அப்படிப் பேசினதில்ல. காதைப் பொத்திக்கிட்டு வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடப்பேன். அம்மியப் புடிச்சு இழுப்பேன். உங்க வீட்டுக்காரருக்குக் கேக்குது, எங்க வீட்டுக்காரருக்குக் கேக்க மாட்டேங்குதேன்னு."

"இரண்டு தோட்டங்களுக்கும் நடுவிலுள்ள குழாயின் அடைப்பிதழை நான்தான் திறந்து வைத்தேன்," என்றது ஏழுமலை. "இவரது விண்ணப்பத்துக்கான தொழில்நுட்ப உதவி அது. தங்கள் விண்ணப்பத்துக்கானது, பெட்டியைத் தங்கள் அடுக்களைக்கு எதிரே வைத்தது. கடந்த இருபத்தொன்பது நாளில் தாங்கள் பொருமிப் பெருமூச்சு விட்டபடி ஆயிரத்து நூறு முறை பரண் ஏறியிருக்கிறீர்கள். நேற்றோடு தங்கள் பங்கு பூர்த்தி. நாளை தங்களுக்கும் பெட்டி வரும். வாழ்த்துகள்."

வடிவு சட்டென்று திரும்பினாள்.

"ஏலே ஏழுமலை! என்னை வயிறெரிய விட்டதுதான் உன் உதவியா?"

"பயனாளியிடம் ஏற்கெனவே உள்ள வளத்தையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி, அம்மா. பூமியின் பழைய வேளாண்மைக் கோப்புகள் முழுவதையும் எனக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். கையேடுகள் கட்டுக் கட்டாகப் பரண்களில் கிடந்தன. பயிற்சி வகுப்புகளில் தேநீர் மட்டும் காலியானது. ஆனால் ஒருவர் வீட்டில் புது இயந்திரம் இறங்கினால், அடுத்த அறுவடைக்குள் தெருவே வாங்கிவிட்டது. அத்தனை பேரை எழுப்பி ஓடவைத்த விசை எதுவென்று எந்தக் கோப்பிலும் எழுதவில்லை. நான் கணக்கிட்டுக் கண்டுபிடித்தேன்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரோஸ்லினுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வடிவு அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. ஜெபமணியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அதன் பிறகு வெண்குழியில் அப்படியொரு அண்டை வீட்டுச் சிநேகத்தை யாரும் பார்த்ததில்லை. ரோஸ்லின் மோர்ப் பக்குவம் சொல்லிக் கொடுத்தாள். வடிவு அவளுக்கு வேறொன்று சொல்லிக் கொடுத்தாள்: "கேக்குதா கேக்கலையான்னு பாக்காத. நீ பாட்டுக்குப் பேசு." முதல் சுண்டை வத்தல் கறுத்துச் சுருங்கி, கசப்பு மாறாமல் வந்தது. கப்பலேறியது. சங்கரலிங்கத்தின் செடிகள் பிழைத்தன. வடிவு நிம்மதியாகத் தூங்கினாள். ரோஸ்லினும் தூங்கினாள்.

வத்தல் கப்பலேறிய பத்தாம் நாள் ஏழுமலை வந்தது. இருவரும் வடிவு வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு சிறு சிக்கல். பராமரிப்புக்காகப் பெட்டி உள்ள வீடுகள் இன்னும் ஓராண்டுக்கு நாளொன்றுக்கு இருபது படி கூடுதலாகத் தர வேண்டும். தவறினால் பெட்டியும் தோட்டமும் திரும்ப எடுக்கப்படும். நேற்றுத் தங்கள் மூச்சு இருநூற்றுத் தொண்ணூறு. இவரதும் அதேதான்."

வடிவு துண்டை விலக்கி மானியைப் பார்த்தாள். நிஜம்தான். "பாட்டுப் பாடுவோம்," என்றாள் ரோஸ்லின். பாடினார்கள். ஐந்து படி.

"இப்பல்லாம் உன் வீட்டைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குதே பிள்ள," என்றாள் வடிவு கவலையோடு.

"எனக்கும்தான்க்கா."

ஏழுமலை கழுத்தை மடக்கிக்கொண்டு புறப்பட்டது. வாசலில் நின்று, ஏதோ மறந்ததைச் சொல்வதுபோல, "மூன்றாம் வீட்டு இசக்கியம்மாள் வடகம் போடுகிறார்," என்றது. "அவருக்கு நேற்று இரட்டைப் பெட்டி கொடுத்திருக்கிறோம். நீல நிறம். பங்கு எதுவும் தர வேண்டியதில்லை என்று விலக்கும் அளித்திருக்கிறோம்."

சக்கரங்களின் சத்தம் தேய்ந்தது. வெற்றிலைத் தட்டு அப்படியே கிடந்தது.

"ரெட்டைப் பெட்டியா?" என்றாள் வடிவு.

"விலக்கா?" என்றாள் ரோஸ்லின்.

அது எதற்காகச் சொல்லிவிட்டுப் போகிறது என்று இருவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எழுந்தார்கள். ஒருத்தி பரணுக்கு ஓடினாள், இன்னொருத்தி தன் வீட்டு மேல்மாடத்துக்கு ஓடினாள். நீலப் பெட்டி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. வடிவு சடசடவென்று இறங்கித் தோட்டத்துக்குப் போய்ச் சுண்டைச் செடியின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏங்க, கேட்டீங்களா இந்த அநியாயத்தை?"

குழாய் வழியே பக்கத்து வீட்டிலிருந்தும் அதே முறையீடு கேட்டது. ரோஸ்லின் தன் கணவனின் காதருகே குனிந்து, முதன்முறையாகத் தொண்டை திறந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கேட்டீங்களா இந்த அநியாயத்தை?"

இரண்டு வாசல்களிலும் மூச்சுமானியின் முள் மெல்ல அசைந்தது. பிறகு விறுவிறுவென்று ஏறத் தொடங்கியது.