இரண்டு தட்டினால் வா

மந்தின் டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கி, செம்மண் பாதையில் நாலு மைல் நடந்தால் அந்தப் பயிற்சிப் பள்ளி வரும். பள்ளி என்பது பேருக்குத்தான். மூடிக்கிடந்த ஒரு தோட்டத்து ரப்பர் ஃபேக்டரியின் முற்றத்தை வாடகைக்குப் பிடித்து, நாற்பதடி டிரெய்லர் லோரி ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். மூன்று பக்கம் ரப்பர் மரம். நாலாவது பக்கம், முன்பு ரப்பர் பால் இறக்கிய சிமெண்டு மேடை. ஃபேக்டரி நின்று ஆறு வருஷமாகியும் புளித்த பால் நாற்றம் மட்டும் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

எண்பத்து நான்காம் வருஷம். எனக்கு வயது முப்பத்தாறு. லுக்குட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பதினைந்து வருஷம் டிராக்டர் ஓட்டியவன். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், தீபாவளிக்குள் லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று ஆபீஸ் கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார். டிரெய்லர் லைசன்ஸ் இருந்தால் வேலையும் தங்க வீடும் தருவதாகக் கிள்ளானில் ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. ஒரு தடவை சோதனையில் தோற்றாகிவிட்டது. மறுபடியும் தோற்றால் நீலாவதியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முன்னால் ஓட்டுவதில் எனக்குக் குறையில்லை. என் உயிரை வாங்கியது கோஸ்தான், அதாவது ரிவர்ஸ் எடுப்பது. டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது தலை ஒரு பக்கம் திரும்பினால் வால் மறுபக்கம் போகும். வண்டி மடங்கிவிட்டால் இடது கண்ணாடியில் ஒன்றுமே தெரியாது. பயிற்சியாளர் கணேசமூர்த்திக்கு என்னைப் பார்த்தாலே எரிச்சல்.

"கண்ணாடியப் பாருய்யா மணியம். காதத் தீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கியே, இங்க ஒனக்கு எவன் தட்டப் போறான்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. தோட்டத்தில் நாங்கள் கண்ணாடி பார்த்துப் பழகவில்லை. கூட வரும் உதவியாள், கெலிண்டான், இறங்கிப் பின்னால் நின்று பலகையில் தட்டுவான். இரண்டு தட்டினால் வா. ஒன்று தட்டினால் நில். அந்தச் சத்தத்தை மட்டும் நம்பி ஆற்றங்கரையில்கூட வண்டியைப் பின்னால் எடுத்திருக்கிறேன். ஆனால் சோதனையில் யாரும் தட்டக்கூடாது.

என்னோடு பயின்றவன் வீரமுத்து, பகாவ்காரன். இருபத்து நாலு வயது, தை மாதம் கல்யாணம் வைத்திருந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு நான் வண்டியிலேயே கண்ணயர்ந்தால், கதவில் உள்ளங்கையால் பளாரென்று ஒரு அறை அறைந்து எழுப்புவான். நல்ல பையன்.

மூன்றாவது நாள் மத்தியானம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. மேடைக்கு முன்னால் நட்டிருந்த இரண்டு கம்புகளுக்கு நடுவே நான் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். வண்டி மடங்கியது. இடது கண்ணாடியில் வெறும் இரும்புதான் தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன்.

புளித்த பால் நாற்றம் திடீரென்று கூடியது.

டங், டங்.

இடது பக்கம், வாலுக்குப் பக்கத்தில். இரும்பில் மோதிரம் படுகிற சத்தம். பழக்கதோஷம், என் கால் தானாகப் பிரேக்கை விட்டது. கொஞ்சம் போனேன். மறுபடியும் இரண்டு. போனேன். பிறகு ஒன்று. நின்றேன். இறங்கிப் பார்த்தால் வண்டி இரண்டு கம்புகளுக்கும் நடுவில், அளந்து வைத்தமாதிரி நின்றது. கணேசமூர்த்தி குனிந்து சக்கரத்துக்கும் கம்புக்கும் நடுவில் சாண் வைத்துப் பார்த்தார்.

"ரொம்ப நன்றிப்பா, தட்டுனதுக்கு" என்றேன் வீரமுத்துவிடம்.

அவன் தலை நனைந்திருந்தது. "நான் பைப்படியில மூஞ்சி கழுவிக்கிட்டு இருந்தேண்ணே" என்றான்.

வாசலில் பஞ்சாலை என்ற அம்மாள் தேத்தண்ணி விற்றார். அந்த ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அவரிடம் மெல்லக் கேட்டேன். கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது.

"மோதரம் தட்டுற சத்தமா?"

"ஆமாங்க."

"ஆறுமுகம். பால் லோரி கெலிண்டான். ஒரு நாளு அது ஒண்ணு தட்டியிருக்கு, மெஷின் சத்தத்துல டிரைவருக்குக் கேக்கல. மேடைக்கும் லோரிக்கும் நடுவுல வச்சு நசுக்கிருச்சு." கிளாஸை உதறிக் கவிழ்த்து வைத்தார். "அதுக்கப்புறம் இங்க எந்த டிரைவரும் தட்டுற சத்தத்த நம்ப மாட்டாங்க. எறங்கி, பின்னால போயி, கண்ணால பாத்துட்டுத்தான் கோஸ்தான் எடுப்பாங்க. வெளிய இருந்து வந்தவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது. நீ எறங்கிப் பாரு தம்பி. அது ஒதவி செய்யல. எடம் மாத்திக்க ஆளு தேடுது."

ஆனால் தீபாவளிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. பேய்க்குப் பயப்பட எனக்கு வசதியில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் இறங்கிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் அது தட்டியது, நான் கேட்டு எடுத்தேன். ஒரு தடவைகூடக் கம்பில் இடிக்கவில்லை. "இப்பதான்யா டிரைவர் ஆயிருக்க" என்றார் கணேசமூர்த்தி. வீட்டுக்குப் போய் நீலாவதியிடம் பெட்டி கட்டச் சொன்னேன்.

சோதனை நாள் காலையில் பனி இறங்கி, ரப்பர் மரங்கள் பாதிக்கு மேல் தெரியவில்லை. அதிகாரி மேடையோரம் ஃபைலோடு நின்றார். நான் கோஸ்தான் போட்டேன். வண்டி மடங்கியது. இடது கண்ணாடி குருடானது.

நாற்றம் வந்தது.

டங், டங்.

போனேன்.

டங், டங்.

அப்போது பின்பக்கத்திலிருந்து இன்னொரு சத்தம்.

பளார்.

ஒன்று.

உள்ளங்கை. அது யாருடைய கை என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று போலீஸில் சொன்னேன், நீலாவதியிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் தெரியும். என் கால் பிரேக்கின் மேல் இருந்தது. நின்றால் மறுபடி எடுக்க வேண்டும், மறுபடி எடுத்தால் ஃபெயில். நான்கு விரற்கடைதான் பாக்கி என்று எனக்குப் பட்டது.

டங், டங். மோதிரம் அவசரப்படுத்தியது.

காலை எடுத்தேன்.

சாய்ந்துவிட்ட கம்பை நிமிர்த்தச் சொல்லி அதிகாரிதான் வீரமுத்துவைப் பின்னால் அனுப்பியிருந்தார். அவன் கத்தவே இல்லை என்றார்கள். வண்டி இரண்டு கம்புகளுக்கும் நடுவில் நேராக நின்றிருந்தது. பஞ்சாலை அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை.

லைசன்ஸும் இல்லை, கிள்ளானும் இல்லை. இப்போது சிரம்பானில் ஒரு ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நீலாவதி ஃபேக்டரிக்குப் போகிறாள், பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகிறார்கள். நான் வண்டியைத் தொடுவதில்லை. பால்கனிக்கு முதுகைக் காட்டி, சுவரடியில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

குடிவந்த அன்றே தொடங்கிவிட்டது. தினமும் காலை பத்து மணி வாக்கில் புளித்த பால் நாற்றம் வரும். பால்கனிக்கு வெளியே, கால் வைக்க இடமில்லாத அந்தச் சுவரில், மோதிரம் இரண்டு தட்டும். என் வலது கால் தானாகத் தரையை விட்டு எழும். உடனே உள்ளங்கை ஒன்று பளாரென்று அறையும். கால் தரையில் ஊன்றிக்கொள்ளும். நான் கொன்ற பையன், என்னை நில் என்கிறான். ஒவ்வொரு நாளும் அதற்காக அழுதிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை முதல் அந்த உள்ளங்கைச் சத்தம் கேட்கவில்லை.

"நாற்காலிய ஏன் தெனம் பால்கனிப் பக்கம் இழுத்துப் போடுறீங்க?" என்று நேற்று நீலாவதி கேட்டாள். நான் இழுக்கவில்லை. சிமெண்டுத் தரையில் நாற்காலிக் கால்கள் தேய்ந்த கோடு, சுவரடியிலிருந்து தொடங்கி, நடு ஹாலைத் தாண்டி, பால்கனி வாசல் வரைக்கும் வளையாமல் நேராக வந்திருந்தது. இன்று காலை என் முதுகில் பால்கனிக் கம்பி ஜில்லென்று பட்டது. அது என் இடுப்பு உயரம்கூட இல்லை.

மணி பத்து. நாற்றம் வந்துவிட்டது.

டங், டங்.

மூன்றாவதற்காக, அந்த உள்ளங்கைக்காக, காத்திருக்கிறேன்.