அக்காவின் முக்காடு

விளக்குச் சுடர் சுர்ஜனைச் சுட்டது. சுடக் கூடாது.

பிரகலாதன் கோயிலில் ஒரு மாதம் விரதமிருந்தவன், ஹோலிப் பௌர்ணமியன்று அந்தச் சுடர்மேல் உள்ளங்கையை நீட்டுவான். சுடர் குளிர்ந்தால், வெளியே வீட்டுயரத்துக்கு எரியும் ஹோலிகாவின் சிதைக்குள் புகுந்து மறுபக்கம் வரலாம். சுர்ஜன் குடும்பத்து ஆண்களின் பாத்தியதை அது. உடன்பிறந்தவள் செம்பு நீரால் வழியை நனைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அவன் கைமுடி கருகிய நாற்றம் கருவறை வரை போனது.

"எண்ணெய் சரியில்லைடா," என்றாள் பிர்மா. விரதம் தம்பியைப் பாதியாக்கியிருந்தது. அவன் பங்குப் பலகாரத்தையும் வீணாக்காமல் தின்று அவள் ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். விளையாட்டாகத் தன் கையை நீட்டினாள்.

குளத்துக்குள் கை விட்டதுபோல் இருந்தது.

"ஜில்லுனு இருக்குடா! நான் போகட்டுமா? இந்த உடம்பு விழுந்தா நெருப்பே அணைஞ்சிடும்."

சுர்ஜன் சிரிக்கவில்லை. வெளியே முரசு அதிர்ந்தது.

"அக்கா, தீ உன்னைத்தான் சுடல. உன் முக்காட்டைக் குடு. இடுப்புல சுத்திக்கறேன், யாருக்குத் தெரியப்போகுது?"

"அப்போ எனக்கு?"

"நீ வெளியதானே நிக்கப்போற?"

அவன் உதடு நடுங்கியது. சின்ன வயதில் இடி இடித்தால் நடுங்குமே, அதே உதடு. அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த பிறகுதான் நினைவு வந்தது. ஹோலிகாவுக்கும் தீ தீண்டாத போர்வை இருந்தது. அண்ணன் இரணியன் சொன்னான் என்றுதான் பிரகலாதனை மடியில் வைத்துச் சிதையில் உட்கார்ந்தாள். போர்வை பறந்து பிள்ளையை மூடியது, அவள் எரிந்துபோனாள். வருஷாவருஷம் அவளை எரித்துவிட்டு இனிப்புத் தின்கிறோம். உட்காரச் சொன்னவனை யாரும் எரித்ததில்லை.

வறட்டியும் முள்விறகும் வெடித்தன. பிர்மா நீரைத் தெளித்தாள். சுர்ஜன் ஓடினான், தீ அவனை மூடியது, மறுபக்கம் ஆரவாரம் எழுந்தது. ஒரு மயிர்கூடக் கருகவில்லை. அவளுக்குக் கண் நிறைந்தது.

அப்போது செம்பு சுட்டது.

மிச்ச நீர் கொதித்தது. காற்று அவள் முதுகிலிருந்து வீசியது. தீயோ அவள் பக்கமே சாய்ந்தது. கால் நகரவில்லை.

தீக்குள் ஒருத்தி. தலையில் முக்காடில்லை. மடி வெறுமை. மெல்ல நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"தம்பி! துணி! துணியைப் போடுடா!"

கூட்டத்தின் தோள்மேலிருந்து சுர்ஜன் திரும்பினான். அவளைப் பார்த்தான். தீக்குள் இருந்தவளையும் பார்த்தான். அவன் கை இடுப்புக்குப் போனது. முக்காட்டை அவிழ்த்தான்.

தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டான்.